செயலூட்டிய கரி வீட்டு மருந்தாகுமா? ஒரு மதிப்பீடு

செயலூட்டிய கரி என்பது, நீராவி அல்லது வேதிப்பொருள்களின் துணையால் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாக்கப்பட்ட கரி. பாடநூல்களில் இது கிளர்வுற்ற கரி என்ற பெயரிலும் வரும். கடைகளிலும் இணையத்திலும் 'ஆக்டிவேட்டட் சார்கோல்' என்ற பெயரில் மாத்திரை, கேப்சூல், தூள், பற்பசை, முகப்பூச்சு எனப் பல வடிவங்களில் விற்கப்படுகிறது. "உடலில் உள்ள நஞ்சையெல்லாம் இழுத்து வெளியேற்றும் இயற்கை மருந்து" என்பதே அதற்குச் சொல்லப்படும் பெருமை. வாயுத் தொல்லை, வயிற்றுப்போக்கு, பல் கறை, சிறுநீரகக் கோளாறு, பாம்புக்கடி என்று அது தீர்ப்பதாகச் சொல்லப்படும் நோய்களின் பட்டியல் நீளம்.

இக்கட்டுரை அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. கரிக்கு உண்மையான மருத்துவப் பயன் ஒன்று உண்டு. அந்தப் பயன் மருத்துவமனையில், குறிப்பிட்ட சில நஞ்சுகளுக்கு, குறுகிய நேரத்துக்குள் கிடைப்பது. அதே பொருளை வீட்டு அலமாரியில் வைத்து எல்லாவற்றுக்கும் கைமருந்தாக்கும்போது பயன் சுருங்குகிறது, ஆபத்து பெருகுகிறது.

அடுப்புக்கரியும் செயலூட்டிய கரியும்

இரண்டும் கறுப்பு என்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணுவோர் பலர். விறகையோ தேங்காய்ச் சிரட்டையையோ போதிய காற்று இல்லாமல் எரித்தால் கிடைப்பது சாதாரணக் கரி. அந்தக் கரியை மூடிய உலையில் இட்டு, ஏறத்தாழ 800 முதல் 1000 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவியைச் செலுத்தும்போது கரியின் உட்பகுதி அரிக்கப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகின்றன. இதுவே செயலூட்டல். பாஸ்பாரிக் அமிலம் போன்ற வேதிப்பொருள்களைக் கொண்டும் இதைச் செய்வதுண்டு.

இத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஒரு கிராம் கரியின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் அது 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைத் தூளுக்குள் கால் ஏக்கர் மடிந்து கிடக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். அடுப்புக்கரியில் இந்தப் பரப்பில் சிறு பங்குகூட இல்லை. ஆகவே அடுப்புக்கரியை இடித்துத் தின்பதற்கும் உமிக்கரியை விழுங்குவதற்கும் இங்கே சொல்லப்போகும் மருத்துவப் பயன் எதுவும் பொருந்தாது.

தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செயலூட்டிய கரி தயாரிக்கும் ஆலைகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ளன. குடிநீர் வடிகட்டி, முகமூடி, சர்க்கரையை வெண்மையாக்குதல், தங்கம் பிரித்தெடுத்தல் ஆகியவற்றுக்கு அது பயன்படுகிறது. தொழிற்சாலைக்காகச் செய்த கரி மருந்துத் தரத்தைச் சேர்ந்ததல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கரி வேலை செய்யும் முறை

பஞ்சு நீரைத் தன் உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். கரி செய்வது வேறு. தன் பரப்பின் மேல் மூலக்கூறுகளை ஒட்டவைத்துக்கொள்கிறது. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். கரியைப் பற்றிய எல்லா உண்மைகளும் எல்லாப் பொய்களும் இந்த ஒரு பண்பிலிருந்தே கிளம்புகின்றன.

இதை மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்துக்கொள்க. முதல் இரண்டில் ஒரு சொட்டு நீல மை, மூன்றாவதில் சிறிது தேயிலைச் சாயம் விடுக. முதல் குவளையில் அடுப்புக்கரித் தூள் இடுக. மற்ற இரண்டிலும் மீன்தொட்டி வடிகட்டிக்கென்று விற்கும் செயலூட்டிய கரியைக் கழுவிப் பொடித்து இடுக. நன்றாகக் கலக்கி, ஒரு மணி நேரம் வைத்திருந்து, வடிதாளில் வடிகட்டுக. அடுப்புக்கரி இட்ட நீரில் மையின் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். செயலூட்டிய கரி இட்ட நீரில் மை வெளுத்திருக்கும். தேயிலைச் சாயமும் வெளுத்திருக்கும். (வடிகட்டிய நீரைக் குடிக்கக் கூடாது.)

இச்சோதனையில் கவனிக்க வேண்டியது மூன்றாவது குவளை. மை நமக்கு வேண்டாத பொருள். தேநீர் வேண்டிய பொருள். கரி இரண்டையும் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டது. இது நஞ்சு, இது உணவு, இது மருந்து என்று பிரித்தறியும் அறிவு கரிக்குக் கிடையாது. மூலக்கூறு எவ்வளவு பெரியது, நீரில் எவ்வளவு எளிதில் கரைவது, மின்னூட்டம் உடையதா என்பவையே எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை முடிவு செய்கின்றன. நீரில் உப்பைக் கரைத்துக் கரியிட்டு வடிகட்டிக் காய்ச்சினால், உப்பு பாத்திரத்தில் படிந்து கிடப்பதைக் காணலாம். உப்பைக் கரியால் பிடிக்க இயலாது.

மருத்துவத்துக்குள் வந்த வரலாறு

1773இல் சீலே என்ற வேதியியலர் கரி வாயுக்களைப் பிடித்துவைப்பதைக் கண்டறிந்தார். 1785இல் லோவிட்சு கரைசல்களின் நிறத்தைக் கரி நீக்குவதைக் காட்டினார். பிரெஞ்சு மருந்தாளர் தூவெரி 1831இல் மருத்துவ அறிஞர்கள் முன்னிலையில், உயிர்கொல்லும் அளவைவிடப் பல மடங்கு ஸ்ட்ரிக்னைனைக் கரியோடு கலந்து விழுங்கி உயிர் பிழைத்ததாக மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 'கரி நஞ்சை முறிக்கும்' என்று விளம்பரம் செய்வோர் தவறாமல் எடுத்துக்காட்டும் கதை இது. அவர் நஞ்சையும் கரியையும் ஒன்றாகவே விழுங்கினார் என்பது அந்த விளம்பரங்களில் அடிபட்டுப் போகிறது. நஞ்சு குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்த பிறகு அவர் கரியைத் தின்றிருந்தால் கதையின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

தொழில்முறையில் செயலூட்டும் வழிக்கு ஆஸ்ட்ரெய்க்கோ என்பவர் 1900ஐ ஒட்டிக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளில் இக்கரி பெருமளவில் பயன்பட்டது.

மேலைநாட்டு முதலுதவி நூல்களில் 'எல்லா நஞ்சுக்கும் ஒரே முறிமருந்து' என்று ஒன்று நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. கருகிய ரொட்டி, மக்னீசியா, கடுந்தேநீர் மூன்றையும் கலந்து கொடுப்பது அது. கருகிய ரொட்டி செயலூட்டிய கரி அல்ல. தேநீரும் மக்னீசியாவும் கரி செய்யக்கூடிய வேலையையும் கெடுப்பவை. பின்னர் அந்த முறிமருந்து கைவிடப்பட்டது. வீட்டு மருந்தாகக் கரி ஒருமுறை தோற்ற வரலாறு இவ்வாறு ஏற்கெனவே உண்டு.

மருத்துவமனையில் கரி

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் முறிமருந்துகள் பிரிவில் செயலூட்டிய கரி உள்ளது. அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் எல்லைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதல் எல்லை நேரம். நஞ்சு விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் எதிர்பார்க்கலாம் என்பது அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் அமைப்புகளின் கூட்டு நிலைப்பாடு. நஞ்சுண்ட எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கவும் கூடாது என்று அதே நிலைப்பாடு சொல்கிறது. சில வகை மருந்துகளில் மட்டும் இந்த நேரம் நீளலாம்.

இரண்டாவது எல்லை நஞ்சின் வகை. சாராயம், மெத்தனால், இரும்புச் சத்து மாத்திரை, லித்தியம், அமிலம், காரம், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றுக்குக் கரியால் பயனில்லை. நம் வீடுகளில் குழந்தைகள் தவறுதலாக விழுங்குபவற்றை எண்ணிப் பாருங்கள்: மண்ணெண்ணெய், கழிவறை கழுவும் அமிலம், அம்மாவின் இரும்புச் சத்து மாத்திரை. மூன்றும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மூன்றாவது எல்லை நோயாளியின் நிலை. மயக்கத்தில் இருப்பவருக்கும் வாந்தி எடுப்பவருக்கும் கரிக்கூழைப் புகட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஆகவேதான் மூச்சுப்பாதையைக் காக்கத் தெரிந்தவர்கள் அருகில் இருக்கும் இடத்தில் அதைக் கொடுக்கிறார்கள்.

இலங்கையில் நடந்த இரு ஆய்வுகள்

கரியைப் பற்றிய முதன்மையான மருத்துவ ஆய்வுகளில் இரண்டு இலங்கையில் நடந்தவை. மஞ்சள் அரளி விதையால் நஞ்சேறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 401 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கரியைப் பலமுறை தொடர்ந்து பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினர் இறந்தனர். மற்றவர்களில் 8 விழுக்காட்டினர் இறந்தனர். கரிக்குச் சார்பான வலுவான முடிவு இது.

2008இல் அதே இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் பெரியது. பூச்சிக்கொல்லி, அரளி முதலிய நஞ்சுகளை உட்கொண்ட 4632 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குக் கரி பலமுறை, ஒரு பிரிவுக்கு ஒருமுறை, ஒரு பிரிவுக்குக் கரியே இல்லை. இறப்பு விகிதத்தில் மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

முதல் ஆய்வை மட்டும் சொல்லிக் கரியைப் புகழலாம். இரண்டாவதை மட்டும் சொல்லி இகழலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே மாணவருக்கு அழகு. மருத்துவர், செவிலியர், முறையான அளவு, தரமான மருந்து எல்லாம் இருந்த இடத்திலேயே கரியின் பயன் இவ்வளவு ஐயத்துக்கு உரியதாக இருக்கிறது. இவை எதுவும் இல்லாத சமையலறையில் அது உயிர் காக்கும் என்று உறுதி கூறுவது எப்படி?

வீட்டு மருந்து என்ற உரிமைகோரல்கள்

வாயுத் தொல்லை: பட்டியலில் ஓரளவு ஆதாரம் உள்ளது இது ஒன்றுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சான்றுகளை ஆராய்ந்து, உணவுக்கு அரை மணி நேரம் முன்பு 1 கிராம், உணவுக்குப் பின் 1 கிராம் என்ற அளவில் வாயு குறையும் என்ற கூற்றை ஏற்றது. வேறு சில ஆய்வுகளில் குடல் வாயு குறையவில்லை. நலமுள்ள ஒருவர் எப்போதாவது எடுத்துக்கொள்வதில் பெருந்தீங்கு இல்லை. நாள்தோறும் வயிறு உப்புகிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

வயிற்றுப்போக்கு: இங்கே உயிருக்கு ஆபத்து நீரும் உப்பும் இழப்பதால் வருகிறது. கரி அவற்றைத் திருப்பித் தராது. உப்பு சர்க்கரைக் கரைசல் தரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று, இந்த நோய்க்குக் கரிப் பெட்டி முழுவதையும்விட மேலானது.

நச்சுநீக்கம்: 'டீடாக்ஸ்' என்ற பெயரில் கறுப்புச் சாறு, கறுப்பு ஐஸ்கிரீம் விற்கிறார்கள். எந்த நஞ்சு, எவ்வளவு, எங்கே சேர்ந்துள்ளது என்று கேட்டால் விடை வராது. கல்லீரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்யும் வேலையைக் குடலுக்குள் வந்து போகும் கரித்தூள் செய்துவிட முடியாது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2018இல் உணவகங்களில் செயலூட்டிய கரி சேர்ப்பதைத் தடுத்தது.

பல் வெண்மை: உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. கரி உரசும்போது மேல்கறை போவது உண்மை. அதே உரசல் பற்சிப்பியையும் தேய்க்கும். தேய்ந்த பற்சிப்பி மீண்டும் வளராது. அமெரிக்கப் பல்மருத்துவச் சங்க இதழில் 2017இல் வெளிவந்த மீளாய்வு, கரிப் பற்பசைகள் பாதுகாப்பானவை என்பதற்கும் பயனுள்ளவை என்பதற்கும் போதிய சான்று இல்லை என்று முடித்தது.

பாம்புக்கடி, தேள்கடி: கரியைக் குழைத்துக் கடிவாயில் பற்றுப் போட்டால் நஞ்சை இழுக்கும் என்பது ஆபத்தான கூற்று. பாம்பின் நஞ்சு தோலுக்கு அடியில் திசுக்களுக்குள் செலுத்தப்பட்டு, அங்கிருந்து நிணநீரிலும் இரத்தத்திலும் பரவுகிறது. தோலின்மேல் இருக்கும் கரி அதைத் தொடவே வழியில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்த நச்சுமுறி ஊசி அரசு மருத்துவமனைகளில் உள்ளது. கரி குழைக்கும் நேரத்தில் வண்டி பிடிக்கலாம்.

சிறுநீரகம்: கரி கிரியாட்டினினைக் குறைத்து டயாலிசிசைத் தவிர்க்கும் என்று சொல்லப்படுகிறது. இந்த எண்ணத்தில் தனியாக வடிவமைத்த கரி மருந்து ஒன்று ஜப்பானில் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வுகளில் அது நோய் முற்றுவதைத் தடுத்ததாக நிறுவப்படவில்லை. கடைக் கேப்சூலை நம்பிச் சிகிச்சையை ஒத்திப்போடுபவர், மீட்க முடியாத நாள்களை இழக்கிறார்.

ஒரு சிறு கணக்கு

'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று கரிக் கேப்சூல் வாங்கி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் வளர்ந்தவருக்குக் கொடுக்கும் அளவு பொதுவாக 50 கிராம். குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம். கடையில் கிடைக்கும் கேப்சூல் ஒன்றில் 250 மில்லிகிராம் கரி இருப்பதாகக் கொள்வோம். வளர்ந்தவருக்கு 200 கேப்சூல் வேண்டும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 40 கேப்சூல் வேண்டும். விழுங்கவே பழகாத குழந்தைக்கு நாற்பது கேப்சூலை யார் புகட்டுவது?

இரண்டோ நான்கோ கொடுத்துவிட்டு, 'மருந்து கொடுத்தாயிற்று, பார்ப்போம்' என்று காத்திருப்பதுதான் நடக்கும். கரியின் பெருங்கேடு இந்தக் காத்திருப்பில்தான் உள்ளது. பாராசிட்டமால் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் ஏறக்குறைய நலமாகவே தெரியலாம். கல்லீரல் கெடுவது பிறகுதான் வெளிப்படும். அதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல முறிமருந்து மருத்துவமனையில் உள்ளது. எவ்வளவு முன்னதாகப் போகிறோமோ அவ்வளவு பயன். வீட்டில் ஆறுதல் தந்த கரி, அந்த நேரத்தைத் திருடிக்கொள்கிறது.

மருந்தைப் பிடித்துக்கொள்ளும் மருந்து

மூன்றாவது குவளையின் பாடம் இங்கே மீண்டும் தேவைப்படுகிறது. கரி தேநீரைப் பிடித்ததுபோல நாம் உண்ணும் மாத்திரைகளையும் பிடிக்கும். இதய நோய்க்கான டைகாக்சின், வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், பினோபார்பிட்டால், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் ஆகியவை அதில் நன்றாக ஒட்டுபவை. கருத்தடை மாத்திரையின் பயனும் குறையலாம்.

'மற்ற மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்' என்ற அறிவுரை பெட்டிகளில் காணப்படுகிறது. எல்லா மருந்துக்கும் இது போதாது. பினோபார்பிட்டால், கார்பமசெபின், தியோபிலின் போன்றவை இரத்தத்தில் கலந்த பிறகும் குடற்சுவர் வழியாகக் குடலுக்குள் திரும்ப வருபவை. அங்கே கரி காத்திருந்தால் அவற்றையும் பிடித்துக்கொண்டு வெளியேறும். மருத்துவர்கள் இதே பண்பைப் பயன்படுத்தித்தான் அந்த மருந்துகள் அளவு மீறியவர்களுக்கு மீண்டும் மீண்டும் கரி கொடுக்கிறார்கள். நஞ்சேறியவருக்கு நன்மையான அதே செயல், வலிப்பு மருந்து நம்பி வாழும் ஒருவருக்கு வலிப்பையே வரவழைக்கலாம்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. மலச்சிக்கல் வரும், குடல் இயக்கம் குறைந்தவருக்கு அடைப்பும் ஏற்படலாம். மலம் கறுப்பாகும். இரைப்பையில் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். கரி தின்பவர் அந்த எச்சரிக்கையைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

'இயற்கை' என்னும் சொல்

சிரட்டை இயற்கையானது, அதை 900 பாகை வெப்பத்தில் நீராவியால் அரித்தெடுத்த தூள் ஆலைச் சரக்கு. இதில் குறை ஒன்றும் இல்லை. ஆலையில் செய்ததால்தான் அது வேலை செய்கிறது. ஆனால் விற்பவர் ஆலையின் ஆற்றலையும் சிரட்டையின் நற்பெயரையும் சேர்த்து விற்கிறார். மேலும், இயற்கையானது என்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. மேலே சொன்ன அரளி விதையும் இயற்கையின் விளைச்சல்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

யாரேனும் நஞ்சு விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயில் எதையும் புகட்டக் கூடாது. மண்ணெண்ணெயும் அமிலமும் உள்ளே போகும்போது செய்யும் கேட்டை வெளியே வரும்போதும் செய்யும். விழுங்கிய பொருளின் புட்டி, அட்டை, உறை எதுவாயினும் கையோடு எடுத்துக்கொள்க. எத்தனை மணிக்கு நடந்தது என்பதைக் குறித்துக்கொள்க. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்க. தெரிந்தே நஞ்சுண்டவராக இருந்தால் ஏசாமல், தனியே விடாமல் அழைத்துச் செல்க. கரி கொடுப்பதா வேண்டாமா என்பதை அங்குள்ளவர்கள் முடிவு செய்யட்டும்.

மதிப்பீடு

செயலூட்டிய கரி குடிநீர் வடிகட்டியில் நல்ல வேலைக்காரன். நஞ்சு மருத்துவப் பிரிவில் காலம் பார்த்துப் பயன்படுத்தும் கருவி. வாயுத் தொல்லைக்கு ஓரளவு உதவலாம். மற்ற உரிமைகோரல்களுக்குச் சான்று மெலிந்தது, அல்லது இல்லவே இல்லை. ஒரு மருந்து எதற்கெல்லாம் உதவும் என்று சொல்பவரிடம், எதற்கெல்லாம் உதவாது என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு மருத்துவ நூல்களில் நீண்ட விடை இருக்கிறது. கரி விற்கும் விளம்பரங்களில் ஒரு வரிகூட இல்லை. இரண்டில் எதை நம்புவது என்பதை மாணவர்கள் இதைக் கொண்டே முடிவு செய்யலாம்.